வயதான அப்பாவோடு கார் பயணம், அங்கிருந்து சைக்கிள் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நெடுந்தூர சைக்கிள் பயணம் எப்போதும் வீட்டு வாசலிலிருந்தே தொடங்குவதில்லை. தொடங்கும் இடம் வரை சைக்கிளை எப்படியாவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். நான் காரில் போனேன், என் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அப்போது அவருக்கு 78 வயது. நான்கு நாள் காரில் இருவரும் போனோம். அதன்பின் ஐந்து வாரம் நான் மட்டும் சைக்கிளில். கிளம்பும் முன் எனக்கு இருந்த கேள்விகளும், திரும்பி வந்தபின் மற்றவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளும் இங்கே இருக்கின்றன. உடல்நலம் பற்றிச் சொல்லியிருப்பவை பொதுவானவை. உங்கள் அப்பாவின் மருத்துவர் வேறு சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

இந்த வயதில் அவரை இவ்வளவு தூரம் கூட்டிப் போகலாமா?

வயதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து தானாக எழுகிறாரா? ராத்திரி எத்தனை முறை எழுந்திருக்கிறார்? புது இடத்தில் படுத்தால் விடியற்காலையில் எங்கே இருக்கிறோம் என்று தடுமாறுகிறாரா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதி முடிவு எடுத்த மாதிரிதான். மீதிப் பாதிக்கு ஒரு ஒத்திகை போங்கள். இரண்டு மணி நேரத் தூரத்தில் ஓர் இடம், அங்கே ஒரு ராத்திரி, மறுநாள் வீடு. எங்கள் ஒத்திகையில்தான் அப்பாவுக்குக் காரின் சீட் ரொம்பத் தாழ்வு என்பது தெரிந்தது. கெட்டியான ஒரு மெத்தைத் திண்டு போட்டதும் சரியாகிவிட்டது.

ஏறுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, விளிம்பில் உட்கார்ந்து, அப்புறம் இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்ப வேண்டும். ஒரு காலை உள்ளே வைத்து, மற்றக் காலில் நின்றுகொண்டு குனியும்போதுதான் வயதானவர்கள் விழுகிறார்கள். திரும்புவதற்கு எளிதாக சீட்டில் பிளாஸ்டிக் பை விரிப்பவர்கள் உண்டு. வண்டியை எடுக்கும் முன் அதை உருவிவிடுங்கள். வழுக்கும் சீட்டில் சீட் பெல்ட் சரியாகப் பிடிக்காது.

சமீபத்தில் மாரடைப்போ, அறுவை சிகிச்சையோ, காலில் ரத்தக்கட்டோ வந்திருந்தால் மருத்துவர் சரி என்று சொல்லாமல் கிளம்பவே கூடாது.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்?

கிலோமீட்டரில் கணக்குப் போடாதீர்கள், மணி நேரத்தில் போடுங்கள். சக்கரம் சுழலும் நேரம் மொத்தம் நான்கு, ஐந்து மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். வரைபடம் நான்கு மணி நேரம் என்று காட்டினால் உங்களுக்கு ஆறு ஆகும். அந்த ஆறு மணி நேரத்தையும் ஒத்துக்கொண்டு திட்டம் போட்டால் பயணம் முழுக்க மனசு அமைதியாக இருக்கும்.

ஒன்றேகால் மணிக்கு ஒருமுறை, அதிகபட்சம் ஒன்றரை மணிக்கு ஒருமுறை நிறுத்துங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்கார்ந்தே பயணம் செய்தால் கால் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டும் அபாயம் கூடுகிறது. வயதோடு அந்த அபாயமும் வளர்கிறது. கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போதுதான் காலிலிருக்கும் ரத்தம் மேலே ஏறுகிறது. அதனால் இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் போதும், பெரிய உடற்பயிற்சி தேவையில்லை. உட்கார்ந்திருக்கும்போதும் குதிகாலைத் தூக்கித் தூக்கி வைக்கச் சொல்லலாம்.

நிறுத்தியவுடன் எழுந்து நிற்க விடாதீர்கள். கதவைத் திறந்து, காலைத் தரையில் ஊன்றி, ஒரு நிமிடம் அப்படியே உட்காரட்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற பலருக்கு எழுந்தவுடன் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும், தலை சுற்றும். மதியம் இரண்டு முதல் நான்கு வரை ஓட்டுகிறவருக்கே கண் சொருகும் நேரம், அப்போது வண்டியை எடுக்காமல் இருப்பது இருவருக்கும் நல்லது. இருட்டுவதற்கு முன் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும்.

எங்க அப்பா எதையும் வாய் திறந்து சொல்ல மாட்டார். "எனக்கு ஒண்ணும் இல்ல, நீ ஓட்டு" என்பார். என்ன செய்வது?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். என் அப்பாவும் அப்படித்தான்.

ஐம்பதைக் கடந்த ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ப்ராஸ்டேட் வீக்கம் உண்டு, எண்பதில் பெரும்பாலானவர்களுக்கு உண்டு. அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கும், அடக்கவும் முடியாது. மகனிடமோ மகளிடமோ "வண்டியை நிறுத்து" என்று மணிக்கொரு தரம் சொல்ல அவர்களுக்குக் கூச்சமாக இருக்கிறது. அதனால் வேறு வழியில் சமாளிக்கிறார்கள்: தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். வயதானால் தாக உணர்வு ஏற்கெனவே மங்கியிருக்கும். அதோடு இதுவும் சேர்ந்தால் தலைசுற்றல், மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, சில சமயம் மனக்குழப்பம் வரை போகும்.

முதல் நாள் மதியம் அப்பாவின் தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். காலையில் நிரப்பியது அப்படியே கழுத்து வரை இருந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அன்றிலிருந்து அவரிடம் கேட்பதை விட்டுவிட்டேன். "கேரியர் பட்டையை ஒரு தடவை பார்க்கணும்ப்பா" என்று சொல்லி நானே நிறுத்த ஆரம்பித்தேன். அது பொய்யும் இல்லை. காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு போனால், கிளம்பி அரை மணியில் ஒருமுறை பட்டை தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும், அப்புறம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் பார்ப்பது நல்லது. நான் இறங்குவேன். அப்பாவும் இறங்கிப் பின்னால் வந்து, பட்டையைக் கட்டைவிரலில் மாட்டி இரண்டு தடவை சுண்டி இழுப்பார். "ம், சரியாத்தான் இருக்கு" என்பார். அப்புறம் கழிப்பறைப் பக்கம் நடப்பார். திரும்பி வரும்போது நான் பாட்டிலைத் திறந்து நீட்டுவேன். நான்கு நாளும் இப்படியே போனது. நிறுத்தச் சொல்லி அவர் ஒரு தடவைகூடக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

கழிப்பறை எங்கெங்கே இருக்கிறது என்பதை முந்தின ராத்திரியே பார்த்து வைத்துவிடுங்கள். மூடியுள்ள சிறுநீர்ப் பாட்டில் ஒன்று சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். "அது உனக்கும் எனக்கும் பொதுவா இருக்கு" என்று சொன்னதில் அப்பாவுக்குக் கூச்சம் போய்விட்டது. சிறுநீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், பயண நாளில் எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

மருந்துகளை எப்படிக் கொண்டுபோவது?

பயண நாட்களுக்குத் தேவையானதைப் போல இரண்டு பங்கு. ஒரு பங்கு அவர் கைப்பையில், இன்னொன்று உங்கள் பையில். டிக்கியில் வைக்காதீர்கள். வெயிலில் நிறுத்திய கார் ஒரு மணி நேரத்துக்குள் வெளி வெப்பத்தை விட 20 டிகிரிக்கு மேல் சூடாகும். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பெரும்பாலும் 30 டிகிரிக்குள் இருந்தால்தான் ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும். ஐஸ் கட்டியில் நேராக ஒட்டி வைப்பதும் தப்பு, உறைந்த இன்சுலினைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

மருந்துப் பட்டியலை ஒரு தாளில் எழுதும்போது கம்பெனி வைத்த பெயரை மட்டும் எழுதாமல் மருந்தின் பொதுப் பெயரையும் எழுதுங்கள். ஊர் மாறினால் கம்பெனிப் பெயர் செல்லாது.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. மூக்கடைப்புக்கும் சளிக்கும் கடையில் சும்மா வாங்கும் மாத்திரைகள் சில, ப்ராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீரை அடியோடு அடைத்துவிடும். கார் பயணத்தில் வாந்தி வராமலிருக்கப் போடும் மாத்திரைகளிலும் பல இப்படித்தான், வயதானவர்களுக்கு மனக்குழப்பத்தையும் கொண்டுவரும். பக்கத்தில் யாராவது பாசமாக ஒரு மாத்திரை நீட்டினாலும் வாங்கிப் போட விடாதீர்கள்.

சர்க்கரை நோய் இருந்தால், வேர்த்து நடுங்கினால் உடனே சோதித்துப் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. சர்க்கரையை எடுப்பதற்காக டிக்கியைத் திறக்கும் நிலை வரக்கூடாது.

சைக்கிளைக் காரில் எப்படி ஏற்றுவது நல்லது?

நீங்கள் இருவர் மட்டும் என்றால், பின் சீட்டை மடித்துச் சைக்கிளை உள்ளேயே வைப்பதுதான் என் முதல் தேர்வு. திருட்டுப் பயமில்லை, மழை படாது, பெட்ரோலும் கூடுதலாகப் போகாது. எங்கள் கார் சின்னது, முன் சீட்டை அப்பா சாய்க்க முடியாமல் போனது. அதனால் பின்பக்கக் கேரியருக்கு மாறினேன்.

பின் கேரியரில் கட்டினால் டிக்கியைத் திறப்பது பெரும்பாடு. அதனால் ஊன்றுகோல், மருந்துப்பை, ஸ்வெட்டர், மாற்றுத் துணி எல்லாம் முதலிலேயே உள்ளே வந்துவிட வேண்டும். நம்பர் பிளேட்டும் பின்விளக்கும் மறையக் கூடாது. டயர் புகைக்குழாய்க்கு நேராகத் தொங்கினால் அந்தச் சூட்டில் ரப்பர் கெட்டுவிடும். கூரையில் ஏற்றுவதானால் மொத்த உயரத்தை எழுதி ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். களைத்துப்போன சாயங்காலத்தில், தாழ்வான நிறுத்துமிடத்துக்குள் நுழையும்போது மேலே சைக்கிள் இருப்பது ஞாபகத்துக்கு வராது.

சக்கரத்தைக் கழற்றினால் டிஸ்க் பிரேக்கின் இரண்டு பேடுகளுக்கு நடுவில் மடித்த அட்டையைச் செருகுங்கள். யாராவது தெரியாமல் பிரேக்கை அழுத்திவிட்டால் பேடுகள் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் சக்கரம் உள்ளே போகாது. செயினைப் பின்பக்கத்து மிகப் பெரிய பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்தால் பின் கியர் அமைப்பு உள்ளே ஒடுங்கி அடிபடாமல் இருக்கும். கார்பன் சட்டத்தைக் குறுக்குக் குழாயில் கவ்விப் பிடிக்கும் கேரியர் வேண்டாம். சீட்டை இறக்கினால் உயரத்தில் டேப் ஒட்டி அடையாளம் வையுங்கள். பேட்டரி சைக்கிள் என்றால் பேட்டரியைக் கழற்றிக் காருக்குள் வையுங்கள்.

அப்பா தானும் ஓட்டுகிறேன் என்கிறார்.

அவர் இப்போதும் வழக்கமாக ஓட்டுகிறவர், உரிமமும் காப்பீடும் செல்லும் என்றால், காலை வெளிச்சத்தில், நேரான காலிச் சாலையில், ஒரு மணி நேரம் கொடுங்கள். நான் கொடுத்தேன். அந்த ஒரு மணி நேரம் அவர் முதுகு நிமிர்ந்திருந்தது. மற்ற நேரமெல்லாம் பக்கத்துச் சீட்டில் இல்லாத பிரேக்கை வலது காலால் அழுத்திக்கொண்டே வந்தவர் அவர்.

ராத்திரியில் வேண்டாம். அறுபது வயதுக் கண்ணுக்குள் போகும் வெளிச்சம் இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் மூன்றில் ஒரு பங்குதான். எதிர்வண்டி விளக்கின் கூச்சத்திலிருந்து கண் மீளவும் அதிக நேரம் ஆகும். இதை நேரடியாகச் சொல்லலாம், வருத்தப்பட மாட்டார். "உங்களுக்கு வயசாயிடுச்சு" என்பதுதான் வலிக்கும்.

நாள் முழுக்க என்ன பேசுவது? எங்களுக்குள் அவ்வளவு பேச்சு இல்லை.

முதலில் காது. வயதானால் உச்சமான ஒலிகள்தான் முதலில் கேட்காமல் போகின்றன. 'ச', 'த', 'ப' போன்றவை மங்கி, உயிரொலி மட்டும் கேட்கும். "பேசுறது கேக்குது, என்ன சொல்றேன்னு புரியல" என்று அவர்கள் சொல்வது இதனால்தான். காரில் டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் சேரும். போதாததற்கு நீங்கள் சாலையைப் பார்த்துப் பேசுகிறீர்கள், உங்கள் வாய் அசைவும் அவருக்குத் தெரியாது. அவர் ம் கொட்டிக்கொண்டு வருவதை ஆர்வமில்லாமை என்று நினைத்துவிடாதீர்கள். கண்ணாடியை ஏற்றி, ஏசி விசிறியைக் குறைத்து, நிதானமாகப் பேசுங்கள், கத்த வேண்டாம். முக்கியமானதை வண்டி நின்றபின் முகம் பார்த்துப் பேசுங்கள்.

அப்புறம், பொதுவான கேள்வி கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "உங்க சின்ன வயசு எப்படி இருந்துச்சு?" என்றால் "நல்லாத்தான் இருந்துச்சு" என்பார். நான் "சைக்கிள் எப்படிக் கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். குறுக்குக் கம்பிக்குக் கீழே காலை விட்டுக் குரங்குப் பெடல் போட்டது, சீட்டில் ஏறி உட்கார மூன்று வருஷம் ஆனது, இறங்கத் தெரியாமல் சுவரோரம் போய்ச் சாய்ந்தது, எல்லாம் வந்தது. முழங்காலுக்குக் கீழே இருக்கும் தழும்பைப் பேன்ட்டைச் சுருட்டிக் காட்டினார். சிறுவயதிலிருந்து நான் பார்த்து வந்த தழும்பு. எதனால் வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பேசாமல் போகும் நேரத்தை நிரப்பப் பார்க்காதீர்கள். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வரட்டும்.

நான்கைந்து நாள் சும்மா உட்கார்ந்தால் என் கால் பலம் போய்விடாதா?

போகாது. உடலின் தாங்கும் திறன் கண்ணில் படும் அளவுக்குக் குறைய இரண்டு வாரம் போலாகும். கிளம்பும் முன் சில நாள் பயிற்சியைக் குறைப்பது எப்படியும் செய்ய வேண்டியதுதான், காரில் போகும் நாட்கள் அதற்குச் சரியாக அமைகின்றன. இடுப்பின் முன்பக்கத் தசையும் தொடையின் பின்பக்கமும் இறுகும், அதற்கு மட்டும் வழி செய்யுங்கள். அப்பாவோடு நடக்கும்போதே அகலமாகக் கால் வைத்துத் தசையை இழுத்துவிடலாம். சாயங்காலம் தங்குமிடம் சேர்ந்ததும் அரை மணி மெதுவாகச் சைக்கிள் ஓட்டினேன். அந்த அரை மணி அப்பாவுக்கும் தனியாக இருக்கக் கிடைத்தது, அதுவும் அவருக்குத் தேவைதான்.

கெட்டுப்போவது தூக்கம்தான். அவர் ராத்திரி மூன்று முறை எழுந்தால் நீங்களும் மூன்று முறை எழுவீர்கள். கழிப்பறை வழியில் ஒரு சின்ன விளக்கு எரியட்டும். காரிலிருந்து இறங்கிய மறுநாளே சைக்கிளில் கிளம்பாமல், நடுவில் ஒரு முழு நாள் ஓய்வு வையுங்கள்.

ஞாபக மறதி இருப்பவரைக் கூட்டிப் போகலாமா?

லேசாக இருந்தால், தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, சாப்பிட்டு, படுக்கும்படி வைத்துக்கொண்டு போகலாம். சாயங்காலமானால் பதற்றம் கூடுகிறவர், வீட்டிலேயே வழி தவறுகிறவர் என்றால் இந்தப் பயணம் வேண்டாம். அந்தச் சைக்கிள் பயணத்துக்கு வேறு வழியில் போங்கள், அவரோடு இருக்க வீட்டருகே ஒரு நாள் எடுத்துக்கொள்ளுங்கள்.

"உனக்கு எதுக்கு இந்த வேலை" என்று சைக்கிள் பயணத்தையே எதிர்க்கிறார்.

"ஒண்ணும் ஆகாதுப்பா" என்று சொல்லாதீர்கள். ஆகலாம் என்று அவருக்குத் தெரியும். என்னென்ன செய்வீர்கள் என்பதைச் சொல்லுங்கள்: இருட்டியபின் ஓட்ட மாட்டேன், பின்னால் வரும் வண்டியைப் பார்க்கக் கண்ணாடி இருக்கிறது, பகலிலும் பின்விளக்கு எரியும், இந்தந்த இடங்களில் மருத்துவமனை இருக்கிறது. வரைபடத்தைத் தாளில் அச்செடுத்து அவர் கையில் கொடுங்கள்.

ஓய்வு நாளில் சைக்கிளைச் சேர்க்கும் வேலையில் அவரையும் உட்கார வையுங்கள். ஒப்புக்கு இல்லாமல், நிஜமான வேலையாகக் கொடுங்கள். இடது பெடல் தலைகீழ் மரை, வழக்கத்துக்கு மாறாக எதிர்த் திசையில் முறுக்க வேண்டும். நான் சொல்வதற்கு முன்பே அப்பா ஸ்பேனரைச் சரியான பக்கம் திருப்பினார். ஒரு டியூபை வேண்டுமென்றே கழற்றி மாட்டிக் காட்டினேன். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "பதினோரு நிமிஷம். மழையில பதினஞ்சு ஆகும்" என்றார். அதற்குப் பிறகு "எதுக்கு" என்ற பேச்சு வரவில்லை.

திரும்பும்போது அவரை யார் கூட்டிப் போவது?

கிளம்பும் முன் முடிவாகியிருக்க வேண்டிய முதல் விஷயம் இது. காரை அவர் தனியாக ஓட்டிக்கொண்டு திரும்புவது ஒரு திட்டமே இல்லை. எங்கள் விஷயத்தில் தங்கை ரயிலில் வந்து சேர்ந்தாள், மறுநாள் அப்பாவைக் காரில் கூட்டிப் போனாள். விமானத்தில் அனுப்புவதென்றால் சக்கர நாற்காலி உதவியை முன்கூட்டியே பதிவு செய்யலாம், பெரும்பாலும் கட்டணமில்லாமல் கிடைக்கும். அவருக்கு நடக்க முடிந்தாலும் கேளுங்கள், பெரிய விமான நிலையங்களில் நடை அதிகம்.

கிளம்பும் காலையில் நீங்கள் முதலில் போக வேண்டாம், கார் முதலில் போகட்டும். சாலையில் உங்கள் முதுகு சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்தபடி அவர் நிற்க வேண்டியதில்லை.

வழியில் அவருக்கு ஏதாவது ஆனால்?

முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். ஒவ்வொரு நிமிடமும் முக்கியம், எப்போது தொடங்கியது என்ற நேரத்தைக் குறித்து வையுங்கள். வயதானவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் மாரடைப்பு நெஞ்சு வலி இல்லாமலும் வரும்: மூச்சுத் திணறல், திடீர் வியர்வை, காரணம் தெரியாத சோர்வு. அந்த இடத்தின் அவசர எண்ணைக் கிளம்பும் முன்பே தெரிந்து வையுங்கள். கைபேசியில் 112 பல நாடுகளில் வேலை செய்யும். நீங்களே மருத்துவமனை தேடி ஓட்டுவதை விட ஆம்புலன்ஸை வரவழைப்பது பெரும்பாலும் நல்லது.

சைக்கிளில் போகும்போது அவரோடு எப்படித் தொடர்பில் இருப்பது?

"தினமும் ஏழு மணிக்குப் பேசுவேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஏழேகாலுக்கு அவர் நெஞ்சு படபடக்க ஆரம்பித்துவிடும். "தங்கினதும் சொல்றேன், சிக்னல் இல்லைன்னா மறுநாள் மதியத்துக்குள்ள சொல்றேன்" என்பது காப்பாற்றக்கூடிய பேச்சு. சிக்னலே இல்லாத பகுதி என்றால் செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவி வாடகைக்குக் கிடைக்கிறதா பாருங்கள். கைபேசியில் உங்கள் இருப்பிடத்தைக் காட்டும் புள்ளியைப் பகிர்ந்தால், அது அசையாமல் நின்றால் பேட்டரி தீர்ந்திருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். நான் சொல்ல மறந்தேன். ஒரு ராத்திரி முழுக்க அவர் தூங்கவில்லை.

நான் பாதி வழியில் இருக்கும்போது அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால்?

இதை அவரிடமே கேளுங்கள், கார் பயணத்திலேயே கேளுங்கள். நாங்கள் மூன்றாம் நாள் சாயங்காலம் பேசினோம். "எது ஆனாலும் உனக்குச் சொல்லச் சொல்றேன். மறைக்க மாட்டோம். வரணுமா வேண்டாமான்னு நீ முடிவு பண்ணிக்கோ" என்றார். தங்கையிடமும் அதையே சொன்னார். எங்கிருந்து எந்த ஊருக்குப் போனால் வண்டி பிடிக்கலாம், சைக்கிளை எங்கே விடலாம், திரும்பும் பணம் எதில் இருக்கும் என்பதை வாரவாரியாக எழுதித் தனியாக வைத்திருந்தேன்.

நான்காவது வாரம் அவருக்குச் சிறுநீர்த் தொற்றில் காய்ச்சல் வந்தது. தங்கை அன்றைக்கே சொன்னாள். நான் இருந்த ஊரிலேயே இரண்டு நாள் தங்கினேன், பை கட்டியபடியே இருந்தது. இரண்டாம் நாள் சாயங்காலம் காய்ச்சல் இறங்கியது. அவரே போனில் வந்து, பின் சக்கரத்து டயர் எப்படி இருக்கிறது என்று கேட்டார். மறுநாள் காலை கிளம்பினேன்.